பொருள்: ‘ஆன்டிஃபைப்ரோடிக்’ – தமிழில் என்ன?

ந. எழுதியது:
வணக்கம். நுரையீரல் இறுகும் நோய்க்கான பிர்ஃபெனிடோன் மருந்துக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த மருந்து வகையின் பெயரான ‘ஆன்டிஃபைப்ரோடிக்’குக்கு ‘நார்எதிர்ப்பி’ என்று போட்டிருக்கிறேன். போகுமா?

க. எழுதியது:
வேண்டாம் அம்மா. நார் என்றதும் நோயர் கீரையையும் வாழைத்தண்டையும் ஒதுக்கிவிடுவார். இதுவோ சாப்பாட்டோடு போட வேண்டிய மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் சட்டென்று ஏறும். குமட்டல், தலைசுற்றல் வரும். ‘நார்நீக்கி’ இன்னும் மோசம். இறுகிப்போன திசுவை இது கரைக்காது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் பெருகுவதையும் கொலாஜன் என்ற புரதம் சேர்வதையும் மட்டுப்படுத்தும், அவ்வளவே.

பு. எழுதியது:
இறுகிய வைரத்தைக் குறிக்கும் ‘காழ்’ இருக்க நார் எதற்கு? ‘காழ்த்த இடத்து’ (குறள் 879). தொல்காப்பியம் புறக்காழ் புல், அகக்காழ் மரம் என்கிறது. இந்நோயில் நுரையீரல் ஓரத்திலும் அடியிலும்தானே முதலில் இறுகுகிறது? அப்படியானால் புறக்காழ்! மருந்து ‘காழ்ப்புத்தடை’.

க. எழுதியது:
ஐயா, ‘உங்கள் நுரையீரலில் காழ்ப்பு’ என்றால் ‘யார் மேல்?’ என்று கேட்பார்.

வ. எழுதியது:
‘தழும்பு தணிப்பி’? ‘வலிதணிப்பி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

க. எழுதியது:
அதுதான் சிக்கல். தணிப்பி என்றால் இருமல் தணியும் என்று காத்திருந்து, தணியாததால் நிறுத்திவிடுவார். தொடர்ந்து 14 நாள் விட்டால் திரும்ப முதல் படியிலிருந்து ஏற வேண்டும்: முதல் வாரம் 267 மி.கி., அடுத்த வாரம் 534, 15ஆம் நாள் முதல் 801. எல்லாமே நாளுக்கு மூன்று வேளை. நம் கடைகளில் 200 மி.கி. மாத்திரையும் உண்டு, எண்களை அப்படியே அச்சிட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 4ஆம் பக்கத்தில் ‘அரை ஆயுள் சுமார் 3 மணி’ என்றிருக்கிறது. இந்த நோயர் கையில் ‘அரை ஆயுள்’ என்று கொடுப்பதா? ‘மருந்து பாதியாகக் குறையும் நேரம்’ என்று விரித்து எழுதுங்கள். புகைப்பவருக்கு மருந்து இன்னும் வேகமாகக் கழியும். மருந்தைச் சிதைக்கும் கல்லீரலின் சிஒய்பி1ஏ2 நொதியை (என்சைம்) புகை முடுக்கிவிடும். அங்கே ‘நொதித் தூண்டல்’ சரி.

வ. எழுதியது:
‘நொதி’யா ‘நொதியமா’ என்று தீர்த்துவிட்டோமா?

ந. எழுதியது:
அதை இந்த இழையில் தொடங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ‘தழும்புத் தடுப்பி’ என்று போட்டு, கீழே ‘தழும்பு கூடுவதை மெதுவாக்கும், இருப்பதை அகற்றாது’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். மூவர் சம்மதம்.

பு. எழுதியது:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தழும்பு என்பது ஆறிய புண்ணின் சுவடு. காரணமே தெரியாத நோய் என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்தப் புண் ஆறியது?