உடற்கல்வி நேரத்தில் ஆட்டிசப் பிள்ளை: வகுப்போடா, தனியாகவா?

செம்மண்சாலை:
மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளை மனத்தில் வைத்துக் கேட்கிறேன். இரண்டாம் ஆண்டு, 22 பேர், அதில் ஒரு ஆட்டிசப் பிள்ளை. உடற்கல்விக்கு எல்லாரோடும் திடலுக்கு விடுவதா, தனியாகப் பழக்குவதா? முதல் ஆறு வாரம் தனி என்பதே என் கட்சி. பந்து பிடிக்கவே வராத பிள்ளை 22 பேர் கூச்சலில் என்ன கற்றுக்கொள்ளும்?

திடல்காரன்:
தனியாக யார் எடுப்பது, ஐயா? 150 பிள்ளைகூட இல்லாத பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருந்தால் அதிர்ஷ்டம். ‘தனி’ என்றால் நூல்நிலையத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதாகத்தான் முடியும். 2019இல், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக் கூடாது என்ற ‘ஜீரோ ரிஜெக்ட்’ கொள்கை வந்தது பள்ளியில் சேர்க்க மட்டுமா? திடலுக்கும் சேர்த்துத்தானே!

கோளாறு வரிசையில் இருக்கிறது. 22 பேருக்கு ஒரே பந்து, ஆளுக்கு 20 விநாடி என்று வையுங்கள். கடைசிப் பிள்ளை 7 நிமிடம் சும்மா நிற்கணும். எந்தப் பிள்ளைதான் நிற்கும்? இடத்துக்கு ஒரு பயிற்சி என்று ஐந்து இடமாகப் பிரித்தால் ஓர் இடத்துக்கு நாலைந்து பேர், காத்திருப்பு ஒன்றரை நிமிடத்துக்குள்.

செம்மண்சாலை:
ஐந்து இடம் என்றால் நாலு தடவை மாறணும். மாறும் நேரம்தான் பிள்ளை உடைந்துபோகும் நேரம். போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் விசில்.

தோட்டத்து_டீச்சர்:
இரண்டு பேரும் பாதி சரி. விசிலைத் தூக்கிப் போடுங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்கு அது காதில் ஊசி குத்தின மாதிரி. பச்சைக் கொடியைத் தூக்கினால் போதும், மற்றப் பிள்ளைகளும் இரண்டே வாரத்தில் பழகிவிடும்.

அந்தப் பிள்ளைக்கு முதல் மாதம் மூன்றே இடம். அரை ஏ4 அளவில் மூன்று படம், லாமினேட் செய்து, ஒரு அட்டையில் வெல்க்ரோவால் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். ஓர் இடம் முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைப் பிய்த்து, அட்டைக்குக் கீழே உள்ள ‘முடிந்தது’ உறையில் போடணும். பிய்க்கும்போது வரும் ‘பர்ர்’ சத்தம் சில பிள்ளைக்குப் பிடிக்கும், சிலருக்கு ஆகாது. ஆகாவிட்டால் துணி கிளிப். டீச்சர் படத்தைப் பிய்த்தால் பலன் பாதிதான், முடிந்தது என்று பிள்ளையின் கைக்குத் தெரியணும். மாறுவதற்கு 2 நிமிடம் முன்னால் மணல் கடிகாரம்.

பேச்சையும் குறைக்கணும். “ஓடாதே” என்றால் ‘ஓடு’ மட்டும்தான் காதில் விழும். “நட” என்று சொல்லி 10 விநாடி காத்திருங்கள். அதற்குள் திருப்பிச் சொன்னால் முதலில் இருந்து யோசிக்க ஆரம்பிக்கும்.

செம்மண்சாலை:
படம் சரி. பந்து? கண் வேறு பக்கம், கை வேறு பக்கம். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்.

தோட்டத்து_டீச்சர்:
கால்பந்தில் தொடங்கினால் சிரிக்கத்தான் செய்யும். கடற்கரைப் பந்து வாங்கி முக்கால்வாசிக் காற்று அடையுங்கள். மெதுவாக வரும், விரல் பதியும், முகத்தில் பட்டாலும் வலிக்காது. பலூன் வேண்டவே வேண்டாம், ஒன்று வெடித்தால் மறுவாரம் திடலுக்கே வராது. முதலில் உட்கார்ந்து உருட்டல், அடுத்து ஒரு துள்ளல், கடைசியில் எறிதல். கை பிடித்துக் காட்டணும் என்றால் முன்னால் நிற்காமல் பின்னால் நின்று முழங்கையைத் தாங்குங்கள். துணை மாணவர் இருவர், வாரம் ஒருவர். ஒருவனையே வைத்தால் அவனுக்கு விளையாட்டே இல்லாமல் போகும்.

திடல்காரன்:
துரத்திப் பிடிக்கும் விளையாட்டு?

தோட்டத்து_டீச்சர்:
தொடுவதை எடுத்துவிட்டு இடுப்பில் ரிப்பன் செருகி, அதை உருவச் சொல்லுங்கள். எதிர்பாராமல் முதுகில் விழும் கைதான் பயம்.

செம்மண்சாலை:
இதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), மறுபக்கம் செம்பனை லாரி ஓடும் சாலை, நடுவில் வேலி இல்லாத திடல். பிள்ளை ஓடினால்? ஒரே ஆசிரியர், 22 பேர். உதவியாளர் இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

திடல்காரன்:
அப்போ திடல் வேண்டாம், கோடு போட்ட சிமெண்டுத் தளத்தில் எடுங்கள். எல்லை கண்ணுக்குத் தெரிந்தால் ஓடுவது குறையும்.

தோட்டத்து_டீச்சர்:
குறையும், நிற்காது. செம்மண்சாலை சொல்வது நியாயம். அந்த ஒரு மணி நேரத்துக்கு லோங்காங் பக்கம் ஒரு பெரியவர் நிற்கணும், அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

செம்மண்சாலை:
அந்த ஆள் கிடைத்தால் ஆறு வாரத்தை இரண்டாகக் குறைக்கிறேன். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.