ஜெம்சுக் கவச குரூசரா? பினாங்குத் துறைமுகம், 28 அக்டோபர் 1914

ஆயர்ஈத்தாம்_கதிர்:

வணக்கம். ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் வரலாற்றுக் கண்காட்சிக்குப் பலகை ஒன்று தயாராகிறது. 1914-இல் ஜெர்மானிய எம்டன் நம் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்ததுதான் பொருள். பலகையின் அகலம் மூன்றடி. வரைவில் ஜெம்சுக்கை "ரஷ்யாவின் வலிமைமிக்க கவச குரூசர்" என்று எழுதியிருக்கிறார்கள். கவசம் போட்ட கப்பல், நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் டார்பிடோ இரண்டே பட்டு எப்படி உடைந்தது என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது? ஜெம்சுக் அதற்கு முன் எங்கெல்லாம் பணி செய்தது என்பதும் வேண்டும். கப்பல்களை ஒரே அளவில் வரைய நீளமும் தெரிந்தால் நல்லது.

பட்டர்வொர்த்_செல்வம்:

கதிர் தம்பி, அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள். குரூசர் என்றால் வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். ஆனால் ஜெம்சுக் கவச குரூசர் இல்லை. கவச குரூசர் என்றால் கப்பலின் இரு பக்கமும் நீர்மட்டத்தை ஒட்டித் தடித்த எஃகுப் பட்டை ஓட வேண்டும். ஜெம்சுக்குக்கு அது கிடையாது. உள்ளே, எஞ்சினுக்கும் வெடிமருந்து அறைக்கும் மேலே ஒரு கவசத் தளம் மட்டும் உண்டு. சமமான பகுதியில் 30 மி.மீ., ஓரச் சரிவில் 50 மி.மீ. அவ்வளவுதான். "தளக்கவச குரூசர்" என்றோ வெறுமனே "குரூசர்" என்றோ எழுதினால் சரியாக இருக்கும்.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்கில் நேவ்ஸ்கி கப்பல் தளத்தில் கட்டியது. நீரில் இறக்கியது 1903 ஆகஸ்ட், கடற்படையில் சேர்ந்தது 1904. எடை சுமார் 3,100 டன், 'யாரோ' (Yarrow) என்ற வகை நீராவி பாய்லர் 16, மூன்று உந்திகள், 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கி.மீ.) வேகம். எதிரி எங்கே இருக்கிறான் என்று ஓடிப் பார்த்து வரவும், டார்பிடோப் படகுகளை விரட்டவும் கட்டிய கப்பல் இது. பெரிய கப்பலோடு நேருக்கு நேர் நின்று அடி வாங்குவதற்கு அல்ல. வேகம் வேண்டும் என்றுதான் கவசத்தைக் குறைத்தார்கள்.

1905 மே மாதம் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் இருந்தது. ரஷ்யக் கப்பற்படை நொறுங்கியபோது அட்மிரல் என்க்விஸ்ட் தலைமையில் ஒலெக், அவ்ரோரா, ஜெம்சுக் மூன்றும் தெற்கே தப்பி மணிலா சேர்ந்தன. அங்கே அமெரிக்கர்கள் போர் முடியும்வரை பிடித்து வைத்தார்கள். உடன்பிறப்பான இசுமுருத் வடக்கே தப்பியது, ஆனால் விளாதிமிர் விரிகுடாவில் தரைதட்டியதால் அதன் மாலுமிகளே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜெம்சுக் பிறகு விளாடிவொஸ்டொக்கில் சைபீரியப் படைப்பிரிவில் இருந்தது. 1914-இல் போர் வந்ததும் பிரிட்டிஷ் அட்மிரல் ஜெரம் கீழ் இந்தப் பக்கத்துக் கடலுக்கு வந்தது. பினாங்கில் நங்கூரமிட்டது அக்டோபர் 26. கேப்டன் பாரன் செர்கசோவ்.

1914-இல் அதில் 120 மி.மீ. பீரங்கி எட்டு, எம்டனில் 105 மி.மீ. பீரங்கி பத்து. விழித்திருந்தால் எம்டனுக்குப் பதிலடி கொடுக்கக்கூடிய கப்பல்தான். பலகையில் இதை அவசியம் சொல்லுங்கள். "பலவீனமான கப்பல், அதனால் மூழ்கியது" என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

மேகலா_கேஎல்:

செல்வம் அண்ணா சொன்னதோடு, அது ஏன் விழித்திருக்கவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

ஜெம்சுக் பினாங்குக்கு வந்ததே பாய்லர் துப்புரவுக்கு. 'யாரோ' வகை பாய்லரில் மேலே ஒரு நீராவி உருளை, கீழே இரண்டு நீர் உருளைகள், நடுவே நூற்றுக்கணக்கான நேர்க்குழாய்கள். கடலில் வாரக்கணக்கில் ஓடினால் குழாய்களின் உள்ளே உப்புப் படிவு ஏறும், வெளியே கரி அப்பும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். அது சிவந்து உப்பி வெடித்துவிடும். துப்புரவு செய்ய நெருப்பை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, உருளையின் மூடியைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு மூடி, நன்னீர் நிரப்பி, கசிவு பார்த்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் இணைப்புகள் கசியும். குளிர்ந்த பாய்லரிலிருந்து கப்பல் நகரும் அளவுக்கு நீராவி எழ மணிக்கணக்கில் ஆகும். ஆக, துப்புரவு நடக்கும்போது கப்பலால் நகர முடியாது. அப்போது அதற்குப் பாதுகாப்பு பீரங்கியும் காவலும் மட்டும்தான்.

அங்கேதான் கோட்டை விட்டார்கள். மேல்தளத்தில் எடுத்துச் சுட ஆயத்தமாக இருந்தவை 12 குண்டுகள் மட்டும். மற்றவை பூட்டிய அறைக்குள். டார்பிடோக்களைச் சுடும் நிலையில் வைக்கவில்லை. கேப்டன் கரையில், ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலில் மனைவியோடு இருந்தார்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. கேப்டன் ஃபோன் முல்லர் மரச்சட்டமும் கித்தானும் வைத்து நான்காவது ஒன்றைப் பொய்யாக நிறுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தெரியும். வடக்கு வாய்க்கால் வழியாக உள்ளே வந்து, ஜெர்மன் கொடியை ஏற்றி, சில நூறு மீட்டர் தூரத்தில் முதல் டார்பிடோவை விட்டார். கூடவே பீரங்கியும்.

இரண்டாவது டார்பிடோ வரச் சில நிமிடங்கள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. எம்டனில் நீருக்கடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே டார்பிடோக் குழாய்கள். முதலாவதை விட்ட பிறகு, குறுகலான துறைமுகத்துக்குள்ளேயே கப்பலைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் ஜெம்சுக் சில குண்டுகள் சுட்டது, எம்டன்மீது ஒன்றும் படவில்லை. இரண்டாவது டார்பிடோ பட்டதும் முன்பக்க வெடிமருந்து அறை வெடித்து, கப்பல் இரண்டாக முறிந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும், பலகையில் "எண்பதுக்கும் மேல்" என்றே போடுங்கள்.

நேரம் எழுதும்போது கவனம். தாக்குதல் அன்றைய கணக்கில் காலை ஐந்தேகால் ஒட்டி. அன்று இங்கே கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால், இன்று 8 மணி முன்னால். நம் கடிகாரத்தில் ஆறேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் பினாங்கில் சூரியன் எழுவது இன்றைய ஏழு மணிக்கு. அதாவது அந்த நேரம் இருட்டு விலகத் தொடங்கியிருக்கும், ஆனால் புகைபோக்கி அசலா பொய்யா என்று பிரித்துப் பார்க்க வெளிச்சம் போதாது.

ஆயர்ஈத்தாம்_கதிர்:

மிக்க நன்றி மேகலா, செல்வம் அண்ணே. இன்னொரு கேள்வி. உண்மையான கவச குரூசராக இருந்திருந்தால் அந்த இரண்டு டார்பிடோவைத் தாங்கியிருக்குமா?

பட்டர்வொர்த்_செல்வம்:

தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது தம்பி. பக்கக் கவசம் பீரங்கிக் குண்டுக்காகப் போட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர் அளவில் நின்றுவிடும். டார்பிடோ அதற்கும் கீழே போய் அடிக்கும்.

இதற்கு அதே ஆண்டிலேயே கொடூரமான சான்று உண்டு. 1914 செப்டம்பர் 22 காலை வட கடலில் யூ-9 என்ற ஒரே நீர்மூழ்கி, அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் கவச குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. ஒவ்வொன்றும் 12,000 டன், பக்கத்தில் 152 மி.மீ. கவசம். 1,400 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே நாள் இரவுதான் எம்டன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது.

பலகையில் கவச குரூசர் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றால் ஹாம்ப்ஷையர் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் போடுங்கள். நம் கடலோடு நேரடித் தொடர்பு உள்ளது. இங்கிலாந்தின் எல்ஸ்விக்கில் கட்டி 1903 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள், 1905-இல் முடிந்தது. 10,850 டன், 22 நாட், 7.5 அங்குல பீரங்கி நான்கு, 6 அங்குலம் ஆறு, நான்கு புகைபோக்கி. எம்டனைத் தேடி அலைந்த கப்பல்களில் முக்கியமானது. செப்டம்பர் தொடக்கத்தில் சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவருகே இரண்டும் ஏறக்குறைய ஒரு நாள் வித்தியாசத்தில் ஒன்றையொன்று தவறவிட்டன. ஹாம்ப்ஷையர் பிறகு ஊர் திரும்பி, வட கடலில் நடந்த ஜட்லாந்து போரில் இருந்தது. 1916 ஜூன் 5 அன்று பிரிட்டிஷ் போர் அமைச்சர் லார்டு கிட்சனரை ரஷ்யாவுக்கு ஏற்றிச் செல்லும் வழியில் ஓர்க்னி தீவருகே கண்ணிவெடியில் பட்டு, கால் மணி நேரத்தில் மூழ்கியது. தப்பியவர்கள் 12 பேர். அங்கேயும் கவசத்துக்குக் கீழேதான் அடி.

ஜெலுத்தோங்_ராஜன்:

அளவு பற்றி. நீளம்: ஜெம்சுக் 111 மீ., எம்டன் 118 மீ., ஹாம்ப்ஷையர் 144 மீ. இருநூறில் ஒரு பங்காக வரைந்தால் முறையே 55.5, 59, 72 செ.மீ. மூன்றடிப் பலகை 91 செ.மீ., ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்றும் பொருந்தும். எம்டனுக்கு நான்காவது புகைபோக்கியைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். முழுக்கோட்டில் வரைந்தால் பிள்ளைகள் அதை அசல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேதியில் ஒரு சிக்கல் வரும். ரஷ்யா அன்று பழைய நாட்காட்டியில் இருந்தது, 13 நாள் பின்னால். ரஷ்யப் பதிவில் இந்தச் சம்பவம் அக்டோபர் 15, சுஷிமா மே 14. நம் கணக்கில் அக்டோபர் 28, மே 27. இரண்டையும் கலந்துவிட்டால் கப்பல் பினாங்குக்கு வருவதற்கு முன்பே மூழ்கியதாக ஆகிவிடும்.

பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிடாதீர்கள். எம்டன் வெளியேறும்போது பினாங்குத் தீவின் வடமேற்கு முனையான முக்கா ஹெட் பக்கம், ரோந்திலிருந்து திரும்பிய முஸ்கே என்ற பிரெஞ்சு டெஸ்ட்ராயர் (சிறிய, வேகமான போர்க்கப்பல்) எதிர்ப்பட்டது. 300 டன்தான். சண்டை போட்டு மூழ்கியது. நீரில் தத்தளித்த 36 பேரை எம்டனே ஏற்றிக்கொண்டது. மூவர் இறந்தார்கள், மற்றவர்களை வழியில் மறித்த நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஏற்றி, சுமத்ராவின் வடமுனைக்கு அருகே உள்ள சபாங் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னம் ஜாலான் உத்தாமாவில் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் இருக்கிறது. ஜெரெஜாக் தீவிலும் ரஷ்யக் கல்லறை உண்டு. மாணவர்களை அழைத்துப் போவதானால் ஜாலான் உத்தாமாவே சுலபம், படகு தேவையில்லை.

மேகலா_கேஎல்:

ஜெம்சுக்கின் கேப்டன் செர்கசோவ் என்ன ஆனார் என்று கட்டாயம் கேட்பார்கள். விளாடிவொஸ்டொக்கில் கடற்படை நீதிமன்றம் அவருக்கு மூன்றரை ஆண்டும், துணை அதிகாரி குலிபினுக்கு ஒன்றரை ஆண்டும் தண்டனை விதித்துப் பதவியைப் பறித்தது. ரஷ்யப் பேரரசர் ஜார் அதை மாற்றி, இருவரையும் சாதாரண மாலுமிகளாகப் போர்முனைக்கு அனுப்பினார். கதிர், பலகை வரியை இப்படி மாற்றலாம்: "ஜெம்சுக், ரஷ்யத் தளக்கவச குரூசர், 1904-1914. பாய்லர் துப்புரவுக்காக நின்றபோது மூழ்கடிக்கப்பட்டது."