டிடிபிஏ ரெகவரி பாதி கூட வரல, எந்த ரெஃபரன்ஸ் மண்ணு வாங்கறது?

நொய்யல்கரை ஸ்காலர்
எல்லாருக்கும் வணக்கம். பிஹெச்டி மூணாவது வருஷம், கோயமுத்தூர் பக்கம் சாக்கடைத் தண்ணி பாயுற வயல் மண்ணுல காட்மியம், ஈயம், துத்தநாகம் எல்லாம் பாக்கறேன், டிடிபிஏ (மண்ணுல இருந்து உலோகத்த பிடிச்சு எடுக்கற கரைசல்) ஒண்ணு, பிசிஆர் (BCR) மூணு ஸ்டெப் (ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு கரைசல் போட்டு எடுக்கறது) ஒண்ணு. குவாலிட்டி செக்குக்குன்னு எங்க லேப்ல இருந்த நிஸ்ட் (அமெரிக்க தர நிர்ணய நிறுவனம்) 2711ஏ மொன்டானா மண்ண எடுத்து டிடிபிஏ போட்டேன். சர்டிஃபிகேட்ல ஈயம் 1400 மி.கி./கிலோ கிட்ட இருக்கு, எனக்கு அதுல பாதி கூட வரல. மூணு தடவை போட்டாச்சு, மூணு தடவையும் ஒரே நம்பர். கைடு "உன் கைதான் சரியில்ல"ங்கறாரு. பேப்பர் ரிவ்யூவர் வேற சிஆர்எம் (சர்டிஃபிகேட்டோட வர்ற ரெஃபரன்ஸ் மண்ணு) ரெகவரி, அதாவது சர்டிஃபிகேட் நம்பர்ல எத்தனை சதவீதம் நமக்கு வருதுன்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. என் தப்பு எங்க இருக்கு?

ஏஏஎஸ் அண்ணாச்சி
தம்பி, மூணு தடவையும் ஒரே நம்பர் வந்துச்சுன்னா கை நல்லாத்தான் இருக்கு, கைடு கிட்ட சொல்லுங்க. தப்பு பாட்டில்ல. அந்த 1400ங்கறது மண்ணுல இருக்கற மொத்த ஈயம். டிடிபிஏ எடுக்கறது செடி எடுக்கக்கூடிய பங்கு மாதிரி ஒரு சின்ன பங்கு. ரெண்டயும் வகுத்துட்டு ரெகவரின்னு சொல்றது, கிணத்துத் தண்ணி மொத்தத்தையும் ஒரு வாளிய வச்சு கணக்கு கேக்கற மாதிரி. அதுவும் போக அந்த மண்ணு மாவு மாதிரி அரைச்சது, நம்ம டிடிபிஏக்கு 2 மி.மீ சல்லடைல சலிச்ச மண்ணு.

எக்ஸ்ட்ராக்டபிள்னு (கரைசல்ல வெளிய வர்ற பங்கு) ஒரு நம்பர் மண்ணுக்குள்ள தனியா உக்காந்துட்டு இருக்கல, நீங்க எந்த கரைசல், எத்தனை மணி நேரம், எந்த பிஹெச்னு சொல்றீங்களோ அதுதான் அந்த நம்பர உண்டாக்குது. பிசிஆர்-483ன்னு சாக்கடைக் கசடு போட்ட மண்ணு ஒண்ணு இருக்கு, அதோட சர்டிஃபிகேட்ட பாருங்க: ஈயம் ஈடிடிஏல (டிடிபிஏ மாதிரி இன்னொரு கரைசல்) 229 மி.கி./கிலோ, அசிட்டிக் ஆசிட்ல 2.10. ஒரே பாட்டில், ஒரே ஈயம், நூறு மடங்கு வித்தியாசம். துத்தநாகம் மட்டும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 612ம் 620ம். இத ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் மறக்காது.

உங்களுக்கு டிடிபிஏக்கு பிசிஆர்-600 பாருங்க. சுண்ணாம்பு மண்ணு, ஈடிடிஏக்கும் டிடிபிஏக்கும் சர்டிஃபை பண்ணது, கோயமுத்தூர் கரிசலுக்கும் குணம் ஒத்து வரும். மூணு ஸ்டெப்புக்கு பிசிஆர்-701, இத்தாலி ஓர்டா ஏரி வண்டல். ஸ்டாக் இருக்கான்னு ஜேஆர்சி (இந்த பிசிஆர் மண்ண விக்கற ஐரோப்பிய ஆய்வு மையம்) கேட்டலாக்ல பாத்துட்டு அப்புறமா பர்ச்சேஸ் ஃபைல் போடுங்க.

நொய்யல்கரை ஸ்காலர்
அண்ணே ரொம்ப நன்றி, ஆனா நான் தம்பி இல்ல, தங்கச்சி 😄. விலைய பாத்துட்டு கைடு முகமே மாறிடுச்சு. ஒரு பாட்டில வச்சு எல்லா பேட்ச்சுக்கும் ஓட்ட முடியாதே?

ஏஏஎஸ் அண்ணாச்சி
மன்னிச்சுக்கம்மா 🙏

சல்லடை சரவணா
ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அத போடாதீங்க சிஸ்டர், கட்டாது. உங்க வயல் மண்ணே ஒரு 10 கிலோ எடுத்து நிழல்ல காய வச்சு, 2 மி.மீல சலிச்சு, நல்லா கலந்து, சின்ன சின்ன பாட்டில்ல போட்டு வைங்க. பாட்டில்ல போட்டப்புறம் ஒரு 10 பாட்டில எடுத்து ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தடவை டிடிபிஏ போட்டு பாருங்க, பாட்டிலுக்கு பாட்டில் ஆடுச்சுன்னா திரும்ப கலக்கணும். அது உங்க வீட்டு ரெஃபரன்ஸ். சிஆர்எம்ம ஆரம்பத்துல ஒரு தடவை, கெமிக்கல் பாட்டில் மாத்தறப்ப ஒரு தடவை, அவ்வளவுதான். பேட்ச்சுக்கு பேட்ச் வீட்டு மண்ண ஓட்டி சார்ட்ல புள்ளி வச்சுட்டே போனா, எந்த நாள் கோளாறுன்னு அதுவே காட்டிக் குடுக்கும். அப்புறம் வெபலோட ஐஎஸ்இ திட்டம்னு நெதர்லாந்து வாகனிங்கன்ல நடத்தறாங்க, பல லேப்புக்கு ஒரே மண்ண அனுப்பி நம்பர ஒப்பிடுவாங்க, உங்க டிபார்ட்மென்ட் சேந்தா நல்லது.

முக்கியமா ஒண்ணு, எடுக்கறதுக்கு முன்னாடி பாட்டில நல்லா குலுக்கணும், நுண்ணு மண்ணு அடில தங்கிடும். சர்டிஃபிகேட் நம்பர் உலர் எடைக்குங்கறதால ஈரத்துக்கு தனியா கொஞ்சம் எடுத்து 105 டிகிரில காய வைங்க, அந்த காஞ்ச மண்ணயே எடுத்து எக்ஸ்ட்ராக்ஷன் போட்டுடாதீங்க, எங்க லேப்ல ஒரு பையன் ஒரு வாரம் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தான்.

பிசிஆர் பாட்டி
701 வாங்குனா மூணு விஷயத்துல கண்ணு வைங்க கண்ணு. முதல் ஸ்டெப் 0.11 மோலார் அசிட்டிக் ஆசிட், 1 கிராமுக்கு 40 மி.லி, 16 மணி நேரம், தலைகீழா சுத்துற ஷேக்கர். நாங்க ராத்திரி போட்டுட்டு வீட்டுக்குப் போவோம், ஒரு நாள் கரன்ட் போயி ஷேக்கர் நின்னு, காலைல வந்து பாத்தா டியூப் அடில மண்ணு கெட்டியா உக்காந்திருக்கு. அன்னைக்கு பேட்ச்ச அப்படியே கொட்டினோம், வேற வழியே இல்ல.

ரெண்டாவது, ரெண்டாவது ஸ்டெப்போட ஹைட்ராக்ஸிலமைன் கரைசல் அன்னன்னைக்கே போடணும், 0.5 மோலார், பிஹெச் 1.5. பழைய முறையில 0.1 மோலார், பிஹெச் 2, பழைய பேப்பர பாத்து அத போட்டீங்கன்னா 701ஓட நம்பர் வராது. 701 சர்டிஃபிகேட்ல ஈயம் முதல் ஸ்டெப்ல 3.18தான், ரெண்டாவதுல 126, அதனால கோளாறுன்னா முதல்ல ரெண்டாவது ஸ்டெப்லதான் தெரியும்.

மூணாவது சென்ட்ரிஃப்யூஜ். 3000 ஜி (புவியீர்ப்பு மாதிரி 3000 மடங்கு விசை)ன்னு போட்டிருக்கும், முக்காவாசிப் பேரு 3000 ஆர்பிஎம் வச்சுட்டு 20 நிமிஷம் ஓட்டிட்டு போயிடறாங்க. ஆரம் 10 செ.மீ ரோட்டர்ல 3000 ஆர்பிஎம்னா ஆயிரம் ஜி சொச்சம்தான், 3000 ஜி வேணும்னா 5200 கிட்ட வைக்கணும்.

நொய்யல்கரை ஸ்காலர்
ஐயோ. இப்பத்தான் போயி ஸ்கேல் வச்சு அளந்தேன், எங்க ரோட்டர் 9 செ.மீ, நான் ஆறு மாசமா 3000 ஆர்பிஎம்தான் வச்சிருக்கேன், அதாவது 900 ஜி. கலங்கலா வந்ததெல்லாம் இதனாலதான் போல. மூணு ஸ்டெப் பூராவும் திரும்ப போடறேன், டிடிபிஏக்கு சென்ட்ரிஃப்யூஜ் இல்லாம வடிகட்டினேன், அது தப்பிச்சுது. கைடு கிட்ட திங்கக்கிழமை சொல்லிக்கறேன், இன்னைக்கு அவரு மூடு சரியில்ல.