நிஜமாகவே அப்படித்தான் நடந்ததா? தொடரும் ஆவணப்படமும் பார்த்துப் பட்ட அனுபவங்கள்

"என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால் எல்லோரும் பத்துப் பெயரை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் முக்கால்வாசியை நான் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். அதனால் பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு தொடர், இல்லை ஒரு ஆவணப்படம், அதைப் பார்த்து உங்களுக்கு என்ன ஆனது, அதை மட்டும் சொல்லுங்கள். நான் அசடு வழிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

செர்னோபில், 1986இல் நடந்த சோவியத் அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வந்த ஐந்து பாகக் குறுந்தொடர். இரண்டே இரவில் முடித்தேன். கடைசிப் பாகத்தில் லெகாசவ் என்ற விஞ்ஞானி நீதிமன்றத்தில் நின்று சிவப்பு அட்டை, நீல அட்டை வைத்து அணு உலை ஏன் வெடித்தது என்று விளக்குவாரே, இயற்பியல் வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கிய எனக்கே அது புரிந்தது. சும்மா இருந்தேனா, மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை செய்பவர்களிடம் காகிதத் துண்டுகளை வைத்து அதே வித்தையைக் காட்டி, "அந்த மனுஷன் உயிரைப் பணயம் வைத்து கோர்ட்டில் இதைச் சொன்னார்" என்று நெகிழ்ந்து போனேன். ஹோமியுக் என்ற பெண் விஞ்ஞானியின் துணிச்சலைப் பற்றித் தனியாக ஐந்து நிமிடம். எல்லாம் கேட்டுவிட்டு அங்கிருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, கடைசியில் எழுத்து ஓடுமே, படித்தீர்களா?" என்றார்.

படிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்துவிட்டேன்.

ஹோமியுக் என்று ஒருவர் இருந்ததே இல்லை. லெகாசவுடன் உழைத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்துச் செய்த பாத்திரம் அது, தொடரே அதைச் சொல்கிறது. அதைவிடப் பெரிய அடி, 1987இல் நடந்த அந்த விசாரணைக்கு லெகாசவ் போகவே இல்லை என்பது. அவர் நிஜத்தில் விளக்கம் கொடுத்தது 1986 ஆகஸ்டில் வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமைக் கூட்டத்தில், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வெடித்த கையோடு விழுவதாகக் காட்டுகிற ஹெலிகாப்டரும் உண்மையில் விழுந்தது பல மாதம் கழித்து அக்டோபரில்தான்.

ஒரு வாரம் தொடர் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எழுதிய கிரெய்க் மேசினே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பாட்காஸ்ட் போட்டு, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார். பாகம் ஒன்று, பாட்காஸ்ட் ஒன்று என்று மாற்றி மாற்றி இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறையைவிட நன்றாக இருந்தது. என் பரிந்துரை அந்த இரண்டாம் முறைதான்.

*

நீங்கள் நாடகத்தில் ஏமாந்தீர்கள், பரவாயில்லை. நான் ஆவணப்படத்தில் ஏமாந்தவள். இயற்கைப் படம் என்றால் அப்படியே நடந்ததை எடுப்பார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என் மகள் ஏழு வயதில் ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, கேமரா அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்கிறாய், சிலந்தி நடக்கும் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறது?"

பதில் தேடிப் போனால், அந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பவையாம். தொலைவிலிருந்து பெரிய லென்ஸ் வைத்து எடுக்கும்போது ஒலி கிடைக்காது, வேறு வழியில்லை. பிளானட் எர்த் 2இல் (2016) ஃபெர்னாண்டினா தீவில் குட்டி உடும்பைப் பாம்புக் கூட்டம் துரத்தும் காட்சி இருக்கிறதே, நாங்கள் சோபாவில் எழுந்து நின்று கத்திய காட்சி, அதுவும் ஒரே துரத்தல் இல்லை, பல துரத்தல்களை வெட்டி ஒட்டியது. ஃப்ரோஸன் பிளானட்டில் (2011) பனிக்கரடிக் குட்டிகள் குகைக்குள் இருப்பதை விலங்குப் பூங்கா ஒன்றில் எடுத்திருந்தார்கள், அப்போதே பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் குட்டி போட்ட கரடியின் குகைக்குள் கேமராவோடு யார் நுழைவது, நீங்களே சொல்லுங்கள். இதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது 1958இல் வந்த டிஸ்னியின் வொயிட் வில்டர்னஸ். லெமிங் என்ற எலி வகைப் பிராணிகள் கூட்டமாகப் போய்த் தற்கொலை செய்துகொள்ளும் என்று உலகமே நம்பியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு. அவை வாழாத இடத்துக்குக் கொண்டுபோய், செங்குத்தான கரையிலிருந்து தண்ணீரில் தள்ளி எடுத்திருக்கிறார்கள். 1982இல் கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதை அம்பலப்படுத்தியது. ஆஸ்கர் வாங்கிய படம் வேறு!

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. புளூ பிளானட் 2 (2017) மாதிரித் தொடர்களில் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் எப்படி எடுத்தோம் என்று சில நிமிடம் வரும், மகள் அதற்காகவே முழுப் பாகத்தையும் பொறுமையாகப் பார்க்கிறாள். ஆக்டோபஸைவிட அதற்காகக் காத்துக் கிடந்த மனிதர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது.

*

தி வயர், அமெரிக்கப் போலீஸ் தொடர். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இரண்டாவது பாகத்தில் கைவிட்டேன். யார் போலீஸ், யார் யாருக்கு வேலை செய்கிறார்கள், ஒன்றும் பிடிபடாது, யாரும் நமக்காக நின்று விளக்கவும் மாட்டார்கள். நாலாவது முறை சப்டைட்டிலோடு, போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், மொத்தம் 60 பாகமும் போனது. எழுதிய டேவிட் சைமன் பால்டிமோரில் போலீஸ் செய்தி சேகரித்த பத்திரிகையாளர், கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறிவாளராக இருந்து பிறகு பள்ளி ஆசிரியரானவர். நாலாவது சீசனில் பள்ளிக்கூடம் வரும்போது அந்த வித்தியாசம் தெரியும். இதற்கு மேல் எழுத வரவில்லை, பாருங்கள்.

*

இதை எழுதலாமா என்று யோசித்தேன். பல வருடம் முன்னால் ஒரு நிறுவனத்தில் காசாளராக இருந்தேன். ஒரு மாதக் கடைசியில் கணினிக் கணக்குக்கும் கையிருப்புக்கும் பொருந்தவில்லை. நாலு முறை எண்ணினேன். மேலாளர் என்னைத் திட்டக்கூட இல்லை, "சிஸ்டம் தப்பாகச் சொல்லாது" என்று மட்டும் சொன்னார். சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருந்தது தெரிந்தது, பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்த மூன்று மாதம் மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை திரும்பப் போகவில்லை.

மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபிஸ் என்ற நாடகத் தொடரைப் பார்த்தபோது முதல் பாகத்திலேயே நிறுத்திவிட்டேன். பிரிட்டனில் கிளை அஞ்சலகம் நடத்திய ஒரு பெண், குறையும் தொகையைச் சரிசெய்ய உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவர்கள் சொன்னபடியே பட்டனை அழுத்துகிறார், கண்ணெதிரே குறை இரண்டு மடங்காகிறது. நடந்த விஷயம் அது. ஹொரைசன் என்ற மென்பொருளின் கோளாறு. "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்றே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு. சிறைக்குப் போனவர்கள் உண்டு, செத்துப் போனவர்களும் உண்டு.

இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம் இதுதான்: ஒரு கணினிப் பத்திரிகை 2009லேயே எழுதிவிட்டது, 2019இல் உயர் நீதிமன்றமே மென்பொருளில் கோளாறு உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்போதெல்லாம் தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்ய முன்வராத அரசாங்கம், 2024 ஜனவரியில் இந்த நாலு பாக நாடகம் ஒளிபரப்பான சில நாட்களில் புதுச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தது. மே மாதம் சட்டம் வந்து தண்டனைகள் ரத்தாகின. செய்தி படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நாடகத்தில்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள் போலிருக்கிறது. செர்னோபில்காரர் மாதிரி எது உண்மை எது சேர்த்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. மனம் வரவில்லை.

*

மேலே எழுதியவருக்கு: தி தின் புளூ லைன் பாருங்கள், 1988. செய்யாத கொலைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுள் தண்டனையாக மாறி உள்ளே இருந்த ராண்டல் ஆடம்ஸ், அந்த ஆவணப்படம் வந்த அடுத்த வருடம் வெளியே வந்தார். இயக்குநர் எரோல் மோரிஸ் அந்தக் கொலைச் சம்பவத்தை நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி. நடந்தது அது என்று அவர் சொல்லவில்லை, சாட்சி சொன்னது இது என்கிறார், அதிலேயே சாட்சிகளின் பொய் வெளுக்கிறது. வெளியே வந்த ஆடம்ஸ் தன் வாழ்க்கைக் கதையின் உரிமை கேட்டு மோரிஸ் மேலேயே வழக்குப் போட்டது தனிக் கதை.

*

யாரும் அப் (Up) என்ற பிரிட்டிஷ் ஆவணப்பட வரிசையைச் சொல்லவில்லையே! 1964இல் ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைப் பேட்டி எடுத்து, அப்புறம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் போய் 2019இல் 63 அப் வரைக்கும் வந்தார்கள். நான் இதைப் பார்த்த சமயம் எனக்கு வேலை இல்லை. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் கிழவர்களானார்கள். நீல் என்ற பையன் ஏழு வயதில் குதித்துக்கொண்டிருப்பான், 28 வயதில் வீடில்லாமல் ஸ்காட்லாந்தில் அலைகிறான், அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 42 வயதில் அவர் உள்ளாட்சி மன்ற உறுப்பினர். எனக்கு அந்த வாரம் அது தேவைப்பட்டது.

ஏமாற்றம் என்று கேட்டால் இதிலும் உண்டு. 14 பேரில் பெண்கள் நாலே பேர். 49 அப்பில் ஜாக்கி என்ற பெண், இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் தன்னை எப்படிக் காட்டினார் என்று கேமரா முன்னாலேயே சண்டை போடுவார், அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

*

எங்கிருந்து தொடங்குவது? 1964லிருந்தேவா?

*

வேண்டாம். 28 அப்பிலிருந்து தொடங்குங்கள், பழைய காட்சிகள் நடுநடுவே வந்துவிடும். ஏழு வயதைக் கடைசியில் பாருங்கள். அப்போது நீல் குதிப்பதைப் பார்க்க வேறு மாதிரி இருக்கும்.