நியூரோஇன்ஃப்ளமேஷன்: 'மூளையழற்சி' சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வலிப்பு நோய் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். நியூரோஇன்ஃப்ளமேஷன் என்ற சொல் வந்ததும் அதற்குத் தமிழ் கிடைக்காமல் நின்றுவிட்டேன். 'மூளையழற்சி' என்றால் என்செபலைட்டிஸ், 'நரம்பழற்சி' என்றால் நியூரைட்டிஸ். இரண்டும் ஏற்கெனவே புழங்குபவை.

நான் சொல்லவருவது இது: காயத்தாலோ வலிப்பாலோ நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் செல்கள் தூண்டப்பட்டு இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சியூட்டும் புரதங்களைச் சுரக்கின்றன, நரம்பணுக்கள் எளிதில் கிளர்ச்சியடைகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு கசிந்தால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் உள்ளே புகுகிறது. அதை உள்வாங்கிய ஆஸ்ட்ரோசைட்டுகள் வெளியே தேங்கும் பொட்டாசியத்தைச் சரியாக அகற்றுவதில்லை. அடுத்த வலிப்புக்கு அது போதும். அந்த வலிப்பு மறுபடி அழற்சியைக் கிளப்பும்.

கிருமி இல்லாமலே நடப்பதால் 'கிருமியிலா மூளையழற்சி' எனலாமா?

---

ஐயா, வணக்கம்.

கிருமியை வைத்துப் பிரித்தால் சிக்கல். 1958இல் விவரிக்கப்பட்ட ராஸ்முஸன் என்செபலைட்டிஸைப் பாருங்கள். பெரும்பாலும் மூளையின் ஒரு பாதியை மட்டும் அரிக்கிறது, விடாத வலிப்பு வருகிறது. வைரஸ்தான் காரணம் என்று அப்போது சந்தேகித்தார்கள், இன்றுவரை உறுதியாகவில்லை. உடலின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களே நரம்பணுக்களைத் தாக்குகின்றன. ஆனாலும் அது என்செபலைட்டிஸ்தான்.

என்செபலைட்டிஸ் நோயின் பெயர்; நீங்கள் சொல்வது பல நோய்களில் நடக்கும் ஒரு நிகழ்வு. ஆகவே 'மூளை அழற்சிவினை' என்கிறேன். வேதிவினையில் வரும் அதே வினை.

---

'அழற்சிவினை' பிடித்திருக்கிறது. 'நியூரோ' என்பதில் தண்டுவடமும் அடங்கும், 'மூளை' அதை விட்டுவிடுகிறதே என்று யாராவது கேட்பார்கள். வலிப்புக் கட்டுரைக்கு மூளை போதும்.

மருந்துப் பகுதிக்கும் இது உதவும். வழக்கமான மாத்திரைகள் சோடியம் வாயில்களை அடைத்தோ வேறு வகையிலோ கிளர்ச்சியை அடக்குபவை. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அவை போதுவதில்லை. அழற்சிவினையையே மறிப்பது இன்னொரு வழி. குழந்தைகளின் இன்ஃபன்டைல் ஸ்பாஸம் வலிப்புக்கு ஏசிடிஎச் ஹார்மோனும் ஸ்டீராய்டும் பல காலமாகத் தரப்படுகின்றன. அவை அழற்சியைத் தணிப்பவைதாம், ஆனால் பலன் அதனால் மட்டுமே என்று சொல்ல முடியாது. காய்ச்சலுக்குப் பின் திடீரென்று ஓயாத வலிப்பு வரும் ஃபயர்ஸ் நோய்க்கு, இன்டர்லூகின்-1இன் வேலையை மறிக்கும் அனாகின்ரா என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள், சிலருக்குக் கேட்கிறது. எல்லா வலிப்புக்கும் இதுதான் மருந்து என்று யாரும் படித்துவிடக் கூடாது, அதைத் தனியாக எழுதுவேன்.

அனாகின்ராவை 'இன்டர்லூகின்-1 ஏற்பி மறிப்பி' என்று போடுகிறேன். 'தடுப்பி'தான் வேண்டும் என்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.