தரம் 10இல் சங்கீதம் எடுக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 9 படிக்கிறான், கொழும்பில் ஒரு தமிழ் ஆண்கள் பாடசாலையில். தரம் 6இலிருந்து அழகியல் பாடமாகக் கர்நாடக சங்கீதம்தான். ஓ.எல்.லுக்கு (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு) எந்தெந்தப் பாடம் என்று இந்தத் தவணை முடிவதற்குள் தாளில் நிரப்பிக் கையொப்பம் வைத்துக் கொடுக்க வேண்டும். "சங்கீதம் எடுத்தால் கொமர்ஸை விட வேண்டி வரும், பிறகு பிள்ளை என்ன செய்வான்?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் பயம் பிடித்துவிட்டது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. மூன்று மாதமாக அவன் பாடுவதே இல்லை. போன வருடம் வாணி விழாவில் முன்வரிசையில் நின்று பாடியவன், இந்த வருடம் பின்னால் போய் நின்று வாயை மட்டும் அசைத்தான். வீட்டுக்கு வந்து கேட்டால் "குரல் போயிட்டுது அம்மா" என்கிறான். வேறு பேச்சில்லை.

நானும் அவருமாக உழைப்பது வீட்டு வாடகைக்கும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கில ரியூசனுக்குமே சரியாகப் போகிறது. தனியாகச் சங்கீத வகுப்புக்கு அனுப்ப முடியாது. பாடசாலையில் கிடைப்பதுதான் அவனுக்குச் சங்கீதம். அதையும் நான் கையொப்பம் போட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன். பாடசாலையில் சங்கீதம் படித்தவர்கள், படிப்பித்தவர்கள் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி பழைய மாணவன்:

அக்கா, முதலில் அந்தக் கொமர்ஸ் கதையை விடுங்கள். சங்கீதமும் கொமர்ஸும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஓ.எல்.லில் 6 பாடம் கட்டாயம். மிச்சம் 3 பாடத்தை மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறோம். வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் முதலாம் தொகுதியில் இருக்கிறது, புவியியல், குடியியல் எல்லாம் அதோடுதான். சங்கீதம் இரண்டாம் தொகுதி. அங்கே அதற்குப் போட்டி சித்திரம், நடனம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கியம் போன்றவைதான். கணினிப் பாடம் மூன்றாம் தொகுதி. நான் கொமர்ஸ், சங்கீதம், ஐ.சி.டி. மூன்றையும் எடுத்துத்தான் எழுதினேன். இன்றைக்குக் கணக்காளராக வேலை செய்கிறேன். பாடசாலையில் ஆசிரியர் இல்லாவிட்டால் அல்லது நேரசூசியில் இடமில்லாவிட்டால் மட்டும்தான் சிக்கல் வரும். அதை வகுப்பாசிரியரிடம் நேரே கேளுங்கள்.

எனக்குப் பாட வராது. ரீச்சர் என்னை மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார். பாடசாலையில் இருந்தது ஒரே ஒரு பழைய மிருதங்கம். கடற்காற்று ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். தொப்பி என்கிற இடப்பக்கத் தோலுக்கு ரவை குழைத்து ஒட்டுவது என்னுடைய வேலை. தண்ணீர் கூடினால் வழியும், குறைந்தால் வெடித்து உதிரும். அந்தப் பதத்தை விரல் நுனியில் பிடிக்க எனக்கு ஒரு தவணை முழுவதும் ஆனது. தமிழ் மொழித்தினப் போட்டியில் குழு இசைக்கு வாசித்து, வலய மட்டத்தைத் தாண்டி மாகாண மட்டம் வரைக்கும் போனோம். அங்கே தோற்றோம். தோற்ற அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது 100ஆம் இலக்கப் பஸ்ஸின் கடைசி வாங்கில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதது ஞாபகம். கணக்கியல் பரீட்சை எதற்கும் நான் அழவில்லை.

சங்கீத ரீச்சர்:

அம்மா, 26 வருடமாகப் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பிக்கிறேன், பெரும்பகுதி கொழும்பில்தான். உங்கள் மகனின் குரல் போகவில்லை. மாறிக்கொண்டிருக்கிறது. இதை இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள், தயவுசெய்து.

ஆண் பிள்ளைகளுக்கு 12, 13 வயதிலிருந்து குரல்வளை வளரும். குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரையான தூரம், கீழே இறங்கும். இறங்குகிற அந்த மாதங்களில் எந்தச் சுரம் எங்கே நிற்கும் என்று பிள்ளைக்கே தெரியாது. பஞ்சமத்தை (‘ப’) பிடிக்கப் போவான், குரல் இரண்டாகப் பிளக்கும், வகுப்பு சிரிக்கும். அன்றோடு வாயை மூடுவான். ஒவ்வொரு வருடமும் எனக்கு இப்படி நாலைந்து பிள்ளைகள். சரியாக அந்த வயதில்தான் "பாடத்தைத் தெரிவுசெய்" என்று தாளை நீட்டுகிறோம். நல்ல குரலுள்ள எத்தனையோ பையன்கள் இந்த இடத்தில் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். தரம் 7இல் 5 கட்டைச் சுருதியில் அழகாகப் பாடிக்கொண்டிருந்தான் (கட்டை எண் கூடக்கூடச் சுருதி உயரம்). தரம் 9 தொடக்கத்தில் குரல் உடைந்தது. "நீ இப்போது பாட வேண்டாம், எனக்குத் தாளம் போடு" என்று முன்னால் கூப்பிட்டு இருத்தினேன். அப்போது எங்கள் சங்கீத அறை கடற்கரைப் பக்கம், ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்தது. கோட்டையிலிருந்து வருகிற டீசல் ரயில் போகும்போது சுருதிப் பெட்டி கேட்காது. நான் வகுப்புக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ரயில் வந்தால் குரலை நிறுத்தலாம், கையை நிறுத்தக் கூடாது. ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டுத் திருப்பு, தட்டுத் திருப்பு. எட்டு எண்ணிக்கை. மனதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரயில் போனதும் எல்லோரும் ஒரே சுரத்தில் வந்து விழ வேண்டும். இந்தப் பையன் கை மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஐந்தாறு மாதத்தில் அலங்காரம் என்கிற ஏழு தாளப் பயிற்சிகளும் அவனுக்குள் இறங்கிவிட்டன. 14 அட்சரம் (எண்ணிக்கை) உள்ள துருவ தாளத்தை அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சரிசெய்தார்கள்.

இடையிடையே சுருதியை 3 கட்டைக்கு இறக்கிப் பார்த்தேன். பிறகு 2. நின்றும் நிற்காமலும் இருந்தது. ஒரு நாள் 1½ கட்டையில் வைத்து, "சரளி வரிசை முதலாவது மட்டும், முதலாம் காலத்தில்" என்றேன். தொடக்கப் பிள்ளைகளின் சுரப் பயிற்சி, மெதுவான வேகத்தில். மாயாமாளவகௌளை ராகம்தான். அந்த ராகத்தில் ரிஷபம் (‘ரி’) சட்ஜத்தை (‘ஸ’) ஒட்டி நிற்கும், தைவதம் (‘த’) பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். இரண்டு பாதியும் ஒரே அமைப்பு. தடுமாறுகிற குரலுக்குப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். அவன் சட்ஜத்தைப் பிடித்தான். பிடித்த உடனே பயந்து என்னைப் பார்த்தான். அது பெரிய மனிதரின் குரல். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகவே ரீச்சரிடம் போய்க் கேளுங்கள், "மகனுக்குச் சுருதியை இறக்கித் தருவீர்களா?" என்று. பல வகுப்புகளில் எல்லோருக்கும் ஒரே சுருதி வைத்துப் படிப்பிக்கிறோம். 40 பிள்ளைகளும் 40 நிமிடப் பாடநேரமும் இருந்தால் அப்படித்தான் ஆகிறது. ஆனால் தாய் வந்து கேட்டால் எந்த ரீச்சரும் செய்வார். கத்திப் பாட விடாதீர்கள். சளி, காய்ச்சல் நேரத்தில் அறவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:

நான் படித்த பாடசாலையின் பெயரைச் சொல்லவில்லை. நேரசூசியில் சங்கீதம் இருந்தது. ஆசிரியர் இல்லை. தரம் 6, 7 இரண்டு வருடமும் அந்தப் பாடநேரத்தில் யார் ஓய்வாக இருக்கிறார்களோ அந்த மிஸ் வந்து "சத்தம் போடாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டு இருப்பார். மூன்றாம் தவணையில் கணித சேர் அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்வார். சுருதிப் பெட்டி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியே பார்த்திருக்கிறோம்.

தரம் 8இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் மாறி வந்தார், இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் படித்தவர். வந்த முதல் நாள் அலுமாரித் திறப்பைக் கேட்டு அதிபரின் அறைக்கும் எங்கள் வகுப்புக்குமாக மூன்று தரம் நடந்தார். திறந்து வெளியே எடுத்தபோது பெட்டியில் தூசு. தன்னுடைய சேலைத் தலைப்பால் துடைத்தார். அந்தச் சேலையின் நிறம் கூட எனக்கு ஞாபகம், கிளிப்பச்சை. நாங்கள் தரம் 6 பிள்ளைகள் படிக்கும் வரிசைகளைத் தரம் 8இல் தொடங்கினோம். வெட்கமாக இருந்தது. ஓ.எல்.லுக்குள் ஓட்டமும் நடையுமாக முடித்தோம். நான் பி எடுத்தேன். அந்த பி என் வாழ்க்கையில் பெரிய விஷயம்.

என் அப்பா பதுளையிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்தவர். தனி வகுப்பு என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. அந்த மிஸ் வராதிருந்தால் சுருதி என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்திருப்பேன். அக்கா, உங்கள் மகனின் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறார், அறை இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

தெஹிவளை அப்பா:

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "சங்கீதம் லேசு, ஏ எடுக்கலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி மகளை எடுக்க வைத்தோம். அவளுக்குச் சித்திரத்தில்தான் மனம். எழுத்துத் தாள் பரவாயில்லை. ஆனால் செயன்முறைப் பரீட்சை தனியாக வைக்கிறார்கள், பரீட்சகர் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டும். முதல் இரவு பிள்ளை தூங்கவில்லை. தாளம் போட்ட கை நடுங்கியது என்று வந்து சொன்னாள். பெறுபேறு சி. பெறுபேற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை, இரண்டு வருடம் அவளுக்குப் பிடிக்காததைச் செய்ய வைத்தேன் என்பதுதான் உறுத்துகிறது. உங்கள் மகனிடமே கேளுங்கள். அவன் சொல்வதை எழுதுங்கள்.

கறுவாத்தோட்டம் 92:

நான் படித்தது தமிழ், சிங்களம் இரண்டு மொழிமூலமும் உள்ள பாடசாலை. எங்கள் கர்நாடக சங்கீத வகுப்புக்கும் சிங்களப் பிள்ளைகளின் கீழைத்தேய சங்கீத வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அவர்கள் ஹார்மோனியத்தோடு வட இந்திய ராகங்கள் படிப்பார்கள். ஒரு நாள் நாங்கள் மோகன ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அதே ஐந்து சுரம் கேட்டது. எங்களுடைய பாட்டைத்தான் கேட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்தோம். இடைவேளையில் போய்க் கேட்டால் அது பூபாலி என்றார்கள். (நம்முடைய பூபாளம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மாயாமாளவகௌளையின் சுரங்களை அவர்கள் பைரவ் என்று படித்தார்கள். அப்புறம் சுற்றுமதிலில் இருந்து சுரம் சொல்லிப் பிடிப்பது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. எனக்குச் சிங்களம் சரியாகப் பேச வந்தது அந்த மதிலில்தான். நண்பன் ஒருவன் இன்றைக்கும் தொடர்பில் இருக்கிறான்.

மேலே ஒருவரும் சொல்லாத ஒன்று: வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் ஓ.எல்.லுக்கு வெளியே தனியாக நடப்பவை. தரம் தரமாகப் போய்க் கலாவித்தகர் என்ற பட்டம் வரைக்கும் எழுதலாம். பிள்ளை விரும்பினால் பாடசாலை ரீச்சரிடமே படித்து முதல் தரங்களுக்குத் தோற்றலாம், நான் அப்படித்தான் செய்தேன். ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) கலைப்பிரிவில் சங்கீதம் எடுத்தால் யாழ்ப்பாணத்தில் இராமநாதன், மட்டக்களப்பில் விபுலானந்தர் நிறுவகம் என்று பட்டப்படிப்பும் இருக்கிறது. அதெல்லாம் பிறகு.

வெள்ளவத்தை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரீச்சர் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாப் பெடியனுக்கும் இப்படியா?" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு போனை வாங்கிப் போய்த் தானே திரும்பவும் வாசித்தான். தெஹிவளை அண்ணா சொன்னபடி அவனிடமே கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது "சங்கீதம் போடுங்கோ" என்றான். கொமர்ஸும் போட்டோம். தம்பி சொன்னது சரி, வகுப்பாசிரியரும் அதையேதான் சொன்னார்.

அவனுடைய சங்கீத ரீச்சரையும் போய்ச் சந்தித்தேன். கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டேன், சுருதியை இறக்கித் தருவீர்களா என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இவன் ஏன் பின்னால் போய் இருக்கிறான் என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், நான்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேணும்" என்றார். இப்போது வியாழக்கிழமைகளில் பாடசாலை முடிந்த பிறகு அவனையும் இன்னும் மூன்று பையன்களையும் வைத்துக் கீழ்ச் சுருதியில் பாட வைக்கிறார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எங்கள் வீடு ரயில் பாதைக்குக் கிட்ட. நேற்றுப் பின்னேரம் நான் சமையலறையில் இருந்தேன். அவன் ஜன்னலடியில் உட்கார்ந்து போனில் சுருதி வைத்துச் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தான். ரயில் வந்தது, குரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். தொடையில் கை போய்க்கொண்டே இருந்தது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.