மழைக் காலையில் மட்டும் நின்றுபோகும் சோலார்: எர்த் ஃபால்ட் அனுபவங்கள்

குளச்சலிலிருந்து:

கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மாடியில் 540 வாட் பேனல் ஆறு, எல்லாம் ஒரே ஸ்டிரிங், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தவை. போன இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், தொடங்கியது தொல்லை. விடியலில் மழை பெய்த நாட்களில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும், இன்சுலேஷன் ஃபால்ட் என்று காட்டும். பேனல் வயரிலிருந்து எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம், அதுதான் எர்த் ஃபால்ட். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். மதியம் ஆள் வந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

மூன்றாவதாக வந்தவர் செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பேனல் ஃபிரேமிலிருந்து இறங்கும் எர்த் வயரைக் கழற்றிவிட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது, சரியாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைப் பார்த்துப் பதறிப்போனார். டி.சி. வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷனை அளந்துதான் இன்வெர்ட்டர் எச்சரிக்கிறது. ஃபிரேமை எர்த்திலிருந்து பிரித்துவிட்டால் கசிவு அதன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேயேதான் இருக்கும். ஈர மாடியில் நின்று ஃபிரேமைத் தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும். அம்மா துணி காயப்போடுவது அந்தப் பேனலுக்கு அடியில்தான். நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. யார் வந்து எர்த்தைக் கழற்றினாலும் விடாதீர்கள்.

அண்ணன் அப்போதே எர்த்தைத் திரும்ப மாட்டி, சிஸ்டத்தை ஆஃப் செய்துவைத்தார். அடுத்த மழைக் காலையில் வந்தார். முதலில் ஏ.சி. பிரேக்கர், அப்புறம் பேனல் பக்கத்துச் சுவிட்சான டி.சி. ஐசொலேட்டர், இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். ஸ்டிரிங்கை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, 1000 வோல்ட் டி.சி. தாங்கும் மீட்டரில் மூன்று இடம் அளந்தார். பிளஸுக்கும் மைனஸுக்கும் 282 வோல்ட், பிளஸுக்கும் எர்த்துக்கும் 188, மைனஸுக்கும் எர்த்துக்கும் 94. நல்ல ஸ்டிரிங்காக இருந்தால் எர்த்துக்கு வைக்கும்போது அளவு நிற்காமல் சரிந்துகொண்டே போகும். இங்கே இரண்டும் அசையாமல் நின்றன, கூட்டினால் சரியாக 282. ஒரு பேனலுக்கு 47 வோல்ட், அப்படியானால் 94 என்பது இரண்டு பேனல். “மைனஸ் பக்கமிருந்து ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பாரு தம்பி” என்றார்.

பார்த்தால், வயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டை வெயிலில் பொடிந்து அறுந்து, இரண்டு பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் ஃபிரேமின் உள்மடிப்பில் விழுந்து கிடந்தது. அங்கே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கனெக்டரைத் திறந்தால் உள்ளே உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டர் போட்டு, ஸ்டீல் கிளிப்பால் தூக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு மழையிலும் நின்றதில்லை.

குலசேகரத்திலிருந்து:

எங்களுக்கு உப்பு இல்லை, ரப்பர் இலை. தை மாதம் இலை உதிர்ந்து பேனலுக்கு அடியில் மெத்தை மாதிரி சேர்ந்தது, எலி கூடு கட்டி வயரைக் கடித்துவிட்டது. இதில் வெயிலானாலும் மழையானாலும் ஃபால்ட் போகவே இல்லை. பிளஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது, அதனால் பிளஸ் முனையிலிருந்து கீழே இறங்கும் வயரில்தான் என்று உடனே தெரிந்தது. வயரை மாற்றி, பேனலைச் சுற்றிக் கம்பிவலை அடித்துவிட்டோம்.

தக்கலையிலிருந்து:

அண்ணே, எங்களுக்கும் காலையில் மட்டும்தான் வருகிறது. ஆனால் டெக்னீஷியன் மதியத்துக்கு மேல்தான் வருகிறார். என்ன செய்ய?

குளச்சலிலிருந்து:

ஸ்டிரிங்கைப் பிரித்த பிறகு, பேனல் பேனலாகத் தண்ணீர் தெளித்து மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. எந்தப் பேனல் நனையும்போது அளவு நிலைத்து நிற்கிறதோ அங்கே தேடலாம். நீங்கள் மட்டும் கை வைக்காதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனலில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும், எந்தச் சுவிட்சும் அதை அணைக்காது. கரண்ட் ஓடும்போது கனெக்டரை இழுத்தால் தீப்பொறி பறக்கும். அவர் பார்த்து முடித்ததும் மூன்று அளவையும் இங்கே போடுங்கள், அண்ணனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.